பயறுப் பெட்டியைத் தூர இருந்து நடத்துவது: விண்வெளிக்காரரிடம் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கனகராயன்_உயிரியல் (கேள்வி)

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கான செயற்றிட்டம் இது. பயறு விதை வைத்த கிண்ணத்தைக் கிடை அச்சில் மெதுவாகச் சுழற்றும் பெட்டி ஒன்று கிளிநொச்சியில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். வெள்ளி பின்னேரம் விதை வைத்துக் கதவைப் பூட்டினால் திங்கள் காலமை வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் இருக்கிற இரண்டு குழுக்கள் கைபேசி இணையத்தால் மட்டும் பார்த்து, தேவையான கட்டளையை அனுப்ப வேண்டும். புவித்திருப்பத்தையும் (ஈர்ப்பின் திசையை உணர்ந்து வேர் வளைவதையும்) படிக்கலாம், விண்வெளியில் உயிரியல் பரிசோதனையைத் தரையில் இருந்து நடத்துவது எப்படி என்றும் செய்து பார்க்கலாம்.

இருக்கிற சாமான்: 28பிவைஜே-48 மோட்டர், அதை ஓட்டும் யு.எல்.என்.2003 பலகை, இ.எஸ்.பி.32 கமராப் பலகை, 4ஜி டொங்கிள், டி.எஸ்.18பி20 வெப்ப உணரி ஒன்று, மீன்தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்பி, 9 செ.மீ. பெட்ரிக் கிண்ணங்கள், பஞ்சு, 25 மி.மீ. தடிப்பு ரெஜிபோம் பெட்டி.

இரண்டு ஒத்திகையில் வந்த பிழைகள்: மூடியில் ஆவி படிந்து படம் முழுக்க வெள்ளை. சுழற்றியும் முளைவேர்கள் எல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்தன. பஞ்சுத் தண்ணீர் கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சனி மத்தியானம் உள்ளே 39 பாகை. கரண்ட் போய் வந்த பிறகு மோட்டர் திரும்ப ஓடவில்லை, படங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக அழிந்து கிடந்தன.

சுழற்சி வேகம் எவ்வளவு? தண்ணீரைத் தூர இருந்து விடலாமா? எதைப் பெட்டியே தீர்மானிக்க வேண்டும், எதைப் பிள்ளைகள்? ஒப்பிடுவதற்கு என்ன வைப்பது?

முறிகண்டி_பலகை

ரீச்சர், மூன்றாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அது சரிவந்தால் மற்றப் பாதி தானாக வரும்.

"தரையில் இருந்து நடத்துவது" என்றவுடன் ஒருவர் திரைக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு அசைவையும் இயக்குகிறார் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படி இல்லை. விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடுகிறது. அதன் தொடர்பு இன்னும் உயரத்தில் நிற்கிற இடைமாற்றுச் செயற்கைக்கோள்கள் வழியாகப் போய்வருகிறது. அப்படியிருந்தும் இடையிடையே தொடர்பு அறும் நிமிடங்கள் உண்டு. அவை முன்கூட்டியே தெரியும், அவற்றைத் தவிர்த்துத்தான் நேர அட்டவணை போடுவார்கள். நாசாவின் ஆய்வுப் பொதிகளை ஒருங்கிணைப்பது ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள மையம். ஆய்வாளர்கள் தங்கள் சொந்த இடத்தில் இருந்தே தரவைப் பார்த்துக் கட்டளை கொடுக்கலாம். ஐரோப்பாவின் தாவர வளர்ப்புக் கருவி ஒன்று 2006இல் மேலே போனது. அதை நடத்தியது நோர்வேயின் ட்ரொன்ட்ஹைமில் இருந்து. இன்னொரு பக்கம் கியூபிக் என்கிற சின்ன அடைகாப்புப் பெட்டி. அதற்குள் வைக்கிற பரிசோதனைக் கொள்கலன்களுக்கு மின்சாரமும் சீரான வெப்பமும்தான் கிடைக்கும், மிச்சத்தைக் கொள்கலனே தன் அட்டவணைப்படி முடிக்க வேண்டும்.

உங்களுக்கு நல்ல உதாரணம் இஸ்ரோவின் குரொப்ஸ் என்கிற விதை முளைப்புப் பெட்டி. 2024 டிசெம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி-சி60 ரொக்கெற்றில் போனது, உள்ளே 8 கௌப்பி விதைகள், நாலாம் நாள் முளைத்தன. எங்கட தோட்டத்துக் கௌப்பிதான். கமரா, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஈரப்பதன், வெப்பநிலை எல்லாம் அளந்து அனுப்பியது. அந்த உயரத்தில் ஓடுகிற ஒன்றை ஒரு தரை நிலையம் ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான் பிடிக்கலாம். ஆகவே வெப்பம், வெளிச்சம், படம் எல்லாம் பெட்டியின் வேலை.

உங்கட பெட்டிக்கும் அப்படியே பிரியுங்கோ. சுழற்சி, படம் எடுத்தல், தானாக மீள எழும்புதல் மூன்றையும் பெட்டி யாரையும் கேட்காமல் செய்ய வேண்டும். பட இடைவெளி போன்றவை அட்டவணையில் இருக்கட்டும், தரை மாற்றலாம். திரும்பப் பெற முடியாத செயல் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். அதை மட்டும் தரையின் கட்டளைக்கு விடுங்கோ. அதற்கும் காலக்கெடு வையுங்கோ: வெள்ளி இரவு 8 மணி வரை கட்டளை வராவிட்டால் பெட்டி தானே விட்டுவிடும்.

கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்றால்:

தரை: 018 தண்ணீர் ஆயத்தம்
பெட்டி: 018 கிடைத்தது. ஆயத்தம், 120 விநாடி
தரை: 019 தண்ணீர் விடு
பெட்டி: 019 கிடைத்தது
பெட்டி: 019 முடிந்தது, 33 சுற்று

சுற்று என்பது தண்ணீரைத் தள்ளுகிற மோட்டர் சுற்றிய எண்ணிக்கை. 120 விநாடிக்குள் இரண்டாவது கட்டளை வராவிட்டால் ஆயத்தம் ரத்து. "கிடைத்தது" வேறு, "முடிந்தது" வேறு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். இலக்கம் எதற்கு? சிக்னல் குறைந்த இடத்தில் பதில் வரவில்லை என்று கைபேசி அதே செய்தியை இரண்டாம் தரமும் அனுப்பும். இலக்கம் பார்க்காத பெட்டி இரண்டு தரம் தண்ணீர் விட்டு விதையை மூழ்கடிக்கும். 019 ஏற்கெனவே முடிந்திருந்தால் "முடிந்தது" என்ற பழைய பதிலை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும்.

கரண்ட் விஷயம். படம் அழிந்ததற்குக் காரணம் கடிகாரம். இ.எஸ்.பி.32 கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறந்து 1970இல் இருந்து தொடங்கும். நீங்கள் இணையத்தில் இருந்து நேரம் எடுக்கிறீர்கள் போல, ஆனால் கரண்ட் வந்த கையோடு டொங்கிளுக்குத் தொடர்பு வராது. அதனால் ஒவ்வொரு தடவையும் அதே கோப்புப் பெயர். பொத்தான் பற்றரி போட்ட டி.எஸ்.3231 கடிகாரப் பலகை ஒன்று போடுங்கோ, கோப்புப் பெயரில் தொடர் இலக்கமும் சேருங்கோ. அட்டவணையில் எந்த இடத்தில் நிற்கிறது, தண்ணீர் விட்டாயிற்றா என்பதை மாறுகிற ஒவ்வொரு தரமும், கரண்ட் போனாலும் அழியாத நிலை நினைவகத்தில் எழுத வேண்டும். எழும்பியதும் முதல் வேலை அதை வாசித்து மோட்டரை ஓட்டுவது. இணையத்தைத் தேடுவது கடைசி வேலை.

அந்த மோட்டர் 1.2 வாட் அளவில் எடுக்கும். பலகையும் டொங்கிளும் சேர 5 வாட் என்று வையுங்கோ. 12 வோல்ட் 7 அம்பியர்மணி பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அது 42 வாட்மணி, 8 மணித்தியாலம் தாங்கும். கமரா படம் எடுக்கிற கணம் மின்னோட்டம் துள்ளி வோல்ட் விழும், பலகை தன்பாட்டில் மீள எழும்பும். 5 வோல்ட் வழியில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று போட்டால் நிற்கும். டொங்கிள் செத்தது போலக் கிடந்தால் அதன் கரண்டை 10 விநாடி வெட்டிக் கொடுக்கிற வேலையும் பெட்டிக்கே.

விதை உள்ளே போன பிறகு மென்பொருளில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். 2018 டிசெம்பரில் ஜேர்மனி ஏவிய யூ-குரோப்பிஸ் செயற்கைக்கோளில் தக்காளி வளர்க்க இருந்தார்கள். செயற்கைக்கோள் நன்றாகச் சுழன்றது. மென்பொருள் கோளாறால் தக்காளிப் பகுதியைத் தொடங்கவே முடியவில்லை.

வித்து_வேர்

வேர்கள் ஒரு பக்கம் சாய்ந்ததற்கு வேகம் காரணம் இல்லை, சமநிலை இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் வேகம். நிமிடத்துக்கு 1 அல்லது 2 சுற்று போதும். வேர் நுனிக் கலங்களில் இருக்கிற மாப்பொருள் மணிகள் கீழே படியச் சில நிமிடம் எடுக்கும், அதற்குள் கிண்ணம் திரும்பிவிட்டால் எந்தப் பக்கம் கீழ் என்று வேருக்குப் பிடிபடாது. மையத்தில் இருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிற விதைக்கு 1 சுற்றில் மையநீக்கம் புவியீர்ப்பின் 0.00006 மடங்கு. 10 சுற்றில் 0.006 மடங்கு, 60 சுற்றில் 0.2 மடங்கு. பிள்ளைகள் "வேகமாகச் சுத்தினால் நல்லது" என்று கூட்டினால் வேர் வெளிப்பக்கம் வளரத் தொடங்கும்.

இப்போது சமநிலை. கிண்ணத்தின் ஒரு பக்கம் பாரமாக இருந்தால், அந்தப் பக்கம் ஏறும்போது மோட்டர் இழுத்துப் போகும், இறங்கும்போது பல்லுச் சில்லுகளுக்கு இடையில் உள்ள தளர்வில் அது தன்பாட்டில் முன்னுக்கு விழும். ஒரு அரைச்சுற்று 31 விநாடி, மற்ற அரைச்சுற்று 29 விநாடி என்று வையுங்கோ. கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் ஒரே திசையில் புவியீர்ப்பின் 2 சதவீதம் மிஞ்சும். ஆயிரத்தில் ஒரு பங்கையே உணரக்கூடிய வேருக்கு அது தாராளம். ஈரப் பஞ்சு வேறு, தண்ணீர் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எப்படிச் சமப்படுத்தினாலும் நிற்காது.

ஆகவே கிண்ணத்தை மோட்டரில் நேரே பொருத்த வேண்டாம். வெளிவிட்டம் 8 மி.மீ. உள்ள துளைக் குழாய்த் தண்டு ஒன்றை இரண்டு 608 பெயாரிங்கில் போட்டு, மோட்டரில் இருந்து ரப்பர் பட்டியால் சுற்றுங்கோ. பட்டியைக் கழற்றிவிட்டு கிண்ணத்தைக் கையால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். உருண்டால் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஆணியோ நாணயமோ ஒட்டுங்கோ.

பஞ்சை விட்டுவிடுங்கோ. அகர்தான் சுகம்: 100 மி.லீ. தண்ணீருக்கு 1 கிராம். கடையில் கடற்பாசி என்று விற்பது சரி, நிறமும் சீனியும் சேர்க்காததைப் பாருங்கோ. கொதிக்க வைத்துத் தெளிந்த பிறகு, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 50 பாகை அளவில் 25 மி.லீ. ஊற்றுங்கோ. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் மூடி முழுக்க ஆவி படியும். மூடியின் உட்பக்கம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி பூசித் துடைத்துவிட்டால் மிச்ச ஈரமும் முத்தாகாமல் படலமாகப் பரவும், படம் தெளியும். ஓரத்தைப் பிளாஸ்டிக் ரேப்பால் இறுக்காமல், காயத்துக்கு ஒட்டுகிற காகிதப் பட்டியால் சுற்றுங்கோ. முளைக்கிற விதைக்கு ஒட்சிசன் வேண்டும், அடைத்தால் விதை விடுகிற எதிலீன் வாயுவும் சேர்ந்து வேர் தடித்துக் குறுகும்.

ஆனால் அகரில் வைத்தால் விதை உடனேயே முளைக்கத் தொடங்கும். தூர இருந்து "தொடங்கு" என்று சொல்ல ஒன்றும் இராது. விண்வெளியில் காய்ந்த விதையாக அனுப்பி மேலே போனபின் தண்ணீர் விடுவதற்குக் காரணம் ரொக்கெற் எத்தனை நாள் பிந்தும் என்று தெரியாது என்பது. உங்களுக்கும் அந்தக் கட்டம் வேண்டும் என்றால் வடிதாள் முறை: மூன்று அடுக்கு வடிதாளை நிறுங்கோ, நனைத்து ஓரத்தில் பிடித்துச் சொட்டு நின்றபின் திரும்ப நிறுங்கோ. வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மி.லீ. அது பிடிக்கும். அதில் 80 சதவீதம் மட்டும் விடுங்கோ, ஒரு சொட்டும் ஓடாது.

மீன்தொட்டிப் பம்பி இந்த அளவுக்குச் சரிவராது, கண் மூடித் திறக்க முதல் கிண்ணம் நிறைந்துவிடும். 5 மி.லீ. ஊசிக்குழல், அதன் தண்டைத் தள்ள எம்5 திருகாணி, அதைச் சுற்ற இன்னொரு 28பிவைஜே. எம்5 ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. போகும். குழலின் உள்விட்டம் 12 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 0.09 மி.லீ., 3 மி.லீ.க்கு 33 சுற்று. விட்டத்தை அளந்து உங்கட கணக்கைப் போடுங்கோ. தண்ணீர்க் குழாய் அந்தத் துளைத்தண்டின் நடுவால் அசையாமல் போய் வடிதாளின் மையத்தில் முடியட்டும். தண்டு அதைச் சுற்றி ஓடும், குழாய் முறுக்காது. வெள்ளிக்கிழமை குழாய் நுனி வரைக்கும் தண்ணீரை நிரப்பி வையுங்கோ. நடுவில் ஒரு காற்றுக் குமிழி நின்றால் முதல் 1 மி.லீ. குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். மேலே நுண்ணீர்ப்பில் (எடையே தெரியாத நிலையில்) இது இன்னும் மோசம், அங்கே குமிழி மேலெழும்பி ஒதுங்காது.

விதை: பயறே நல்லது. கௌப்பி இந்தக் கிண்ணத்துக்குப் பெரிசு. 2025இல் ஆக்சியம்-4 பயணத்தில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா முளைக்க வைத்ததும் பயறும் வெந்தயமும்தான். 5 சதவீத வெளிற்றி 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு, 10 நிமிடம் ஊற விட்டு, கொதித்தாறிய தண்ணீரில் 5 தரம் அலசுங்கோ. இதைச் செய்யாவிட்டால் ஞாயிறு படத்தில் வேருக்குப் பதிலாகப் பூஞ்சணத்தைத்தான் அளப்பீர்கள். வடிதாள் முறைக்கு அலசியதும் மின்விசிறிக்குக் கீழே உடனே உலர்த்துங்கோ. ஒரு துளி அகரால் ஒட்டலாம். கிண்ணத்துக்கு 8 விதை, எல்லாவற்றின் வித்துத் தழும்பும் ஒரே திசையில். வேர் வெளிவந்த திசைக்கும் இப்போது நிற்கிற திசைக்கும் இடைப்பட்ட கோணம்தான் உங்கட அளவீடு.

கமராவின் வெள்ளை லைற்றை நிறுத்துங்கோ. முளைத்தண்டு மூடிப் பக்கம் வளைந்திருந்தால் அது ஒளித்திருப்பம் (வெளிச்சத்தை நோக்கி வளைவது), புவித்திருப்பத்தோடு குழம்பும். 850 நனோமீற்றர் அகச்சிவப்பு எல்.இ.டி. போடலாம், தாவரத்துக்கு அது இருட்டுத்தான். ஆனால் சாதாரணக் கமரா வில்லையில் அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி இருக்கும், அது இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கோ. சுழலும்போதே எடுக்கலாம்: 1 சுற்று வேகத்தில் 30இல் ஒரு விநாடிப் படத்துக்கு ஓரத்தில் 0.2 மி.மீ.க்கும் குறைவாகத்தான் மங்கும். தண்டில் ஒரு காந்தமும், அதை உணர்கிற ஹோல் உணரியும் வைத்து எப்போதும் ஒரே கோணத்தில் எடுத்தால் அளப்பது சுகம்.

ஒப்பீட்டுக்கு இரண்டு கிண்ணம் கட்டாயம். ஒன்று அதே பெட்டியில் நிமிர்ந்து அசையாமல் நிற்பது. மற்றது அதே வேகத்தில், ஆனால் செங்குத்து அச்சில் சுழல்வது. இரண்டாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் மோட்டர் அதிர்வால் வந்த மாற்றமா, ஈர்ப்புத் திசை மாறியதால் வந்ததா என்று சொல்ல முடியாது. ட்ரொன்ட்ஹைமில் இருந்து நடத்திய கருவியில் இரண்டு சுழல்தட்டுகள் இருந்தது இதற்குத்தான்: மேலேயே ஒன்றில் பூமியின் ஈர்ப்பை உண்டாக்கி, அதே காற்று, அதே கதிர்வீச்சில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தகரக்கூரை

39 பாகைக்கு ஐஸ் போத்தல் வைக்க நினைத்தால் வேண்டாம். 1 கிலோ ஐஸ் உருகினால் 93 வாட்மணி உறிஞ்சும். 40க்கு 30க்கு 30 செ.மீ. பெட்டிக்கு 25 மி.மீ. ரெஜிபோம் என்றால் மத்தியானத்தில் 8 வாட் சுவரால் வரும், உள்ளே இருக்கிற மின்னணுச் சாமான் இன்னும் 4 வாட். 8 மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வேண்டும். வெள்ளி பின்னேரம் வைத்தது சனி மத்தியானத்தைக் காணாது.

குளிர்விக்க வேண்டாம், ஏற்ற இறக்கத்தைச் சப்பையாக்கினால் போதும். ரெஜிபோமை 50 மி.மீ. ஆக்குங்கோ. உள்ளே 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு வையுங்கோ. அதற்கு இடம் வேண்டும், ஆகவே கிண்ணங்களை நெருக்கி அடுக்க வேண்டி வரும். கணக்குப்படி அந்தப் பெட்டி வெளி வெப்பத்தைப் பின்தொடர 25 மணித்தியாலம் எடுக்கும். அறை ஒரு நாளில் 6 பாகை ஏறி 6 பாகை இறங்கினால் உள்ளே 1 பாகைதான் ஆடும். அறையின் சராசரி 31 என்றால் உள்ளேயும் 31, பயறுக்கு அது பிழையில்லை. ஆனால் மோட்டர், பலகை, டொங்கிள் மூன்றும் வெளியே இருக்க வேண்டும். இந்தத் தடிப்பில் 1.2 வாட் மோட்டர் ஒன்று உள்ளே இருந்தாலே 2.6 பாகை கூடும். வெப்ப உணரி ஒன்று காணாது, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் ஒன்று. டி.எஸ்.18பி20 எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும், ஒரு 4.7 கிலோ ஓம் தடையி போதும்.

சீனாவின் சாங்-இ 4 சந்திரனில் 2019 ஜனவரியில் பருத்தி முளைக்க வைத்தது. தண்ணீர் விட்டதும் பூமியில் இருந்து வந்த கட்டளைதான். முளைத்தது, பிறகு சந்திர இரவு வந்ததும் குளிரில் முடிந்தது. கட்டளையில் ஒரு பிழையும் இல்லை.

கனகராயன்_உயிரியல்

மிகவும் நன்றி. வடிதாள், குழாய்த் தண்டு, வெளியே மோட்டர் மூன்றையும் எடுக்கிறோம். படங்களை 15 நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தால் சிம் தாங்குமா? இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் கட்டளை போட்டால்?

முறிகண்டி_பலகை

முழுப்படம் ஒன்று 150 கிலோபைற் என்றால் நாளைக்கு 96 படம், 14 மெகாபைற். மூன்று கிண்ணத்துக்கும் சேர்த்தாலும் டேட்டா பெரிய விஷயமில்லை. சிக்னல் விழுகிற நேரத்தில் படங்கள் வரிசையில் தேங்கி, வெப்பநிலை வராமல் போவதுதான் சிக்கல். ஆகவே எண்கள் முதல், 320க்கு 240 அளவுச் சின்னப்படம் இரண்டாவது. முழுப்படம் பலகையின் நினைவக அட்டையிலேயே கிடக்கட்டும், கேட்டால் மட்டும் அனுப்பட்டும்.

கட்டளை ஒரு நேரத்தில் ஒரு குழுவிடம் மட்டும். மாங்குளம் சனி பகல், முல்லைத்தீவு சனி இரவு என்று பிரித்து, மற்றக் குழு பார்க்க மட்டும். கைமாறும்போது கடைசிக் கட்டளை இலக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், வட்ஸ்அப்பில் "முடிஞ்சுது" என்று போட்டால் காணாது.

வித்து_வேர்

இன்னொன்று. அறிக்கையில் "நுண்ணீர்ப்பில் வளர்ந்த பயறு" என்று எழுத விடாதீர்கள் ரீச்சர். இந்தப் பெட்டி ஈர்ப்பை இல்லாமலாக்கவில்லை, திசையை மட்டும் சராசரியாக்குகிறது. சூடான காற்று இங்கே இன்னும் மேலே போகும். உண்மையான நுண்ணீர்ப்பில் அது நடக்காது, விசிறி இல்லாவிட்டால் இலையைச் சுற்றிய காற்று அப்படியே நிற்கும், தண்ணீர் வேரைப் படலமாகப் போர்த்து மூச்சடைக்கும். 2015 டிசெம்பரில் விண்வெளி நிலையத்தில் வளர்த்த சினியாச் செடிகளுக்கு வந்ததும் கூடின ஈரம்தான், இலையில் பூஞ்சணம் பிடித்தது. அட்டவணைப்படி தண்ணீர் விடாமல் செடியைப் பார்த்துத் தானே தீர்மானிக்க அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்கொட் கெலி கேட்டார், தரை விட்டுக்கொடுத்தது, ஜனவரியில் பூத்தது. உங்கட பெட்டிக்குள் கெலி இல்லை. அதனால்தான் அந்த 80 சதவீதக் கணக்கு.

கனகராயன்_உயிரியல்

விளங்குது. விதை போட முதல் ஒரேயொரு ஒத்திகை என்றால் எதைச் செய்வது?

முறிகண்டி_பலகை

விதை இல்லாமல் 48 மணித்தியாலம் ஓட விடுங்கோ. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஒரு தரம் மெயின் சுவிச்சை 20 நிமிடமும், ஒரு தரம் பற்றரியையும் சேர்த்து 1 நிமிடமும் நிறுத்துங்கோ. தண்ணீர்க் கட்டளை போகிற நேரத்தில் டொங்கிளைப் பிடுங்கி, 5 நிமிடம் கழித்துச் செருகுங்கோ. ஊசிக்குழல் 33 சுற்று மட்டும் போயிருக்க வேண்டும், 66 இல்லை. சிம்மில் டேட்டா முடிந்தால் பெட்டி என்ன செய்கிறது என்பதையும் இதிலேயே பாருங்கோ. ரீலோட் போடுகிற ஆள் ஞாயிறு எங்காவது கோயில் திருவிழாவில் நிற்பார்.